ஒற்றை வரியும் இரட்டை வரியும்

வீடியோப் படத்தைத் திரையில் வரைய இரண்டு முறைகள் உண்டு. மேல் வரியில் தொடங்கிக் கடைசி வரி வரை ஒரே மூச்சில் வரைந்து முழுப் படமாகத் தருவது புரோகிரெசிவ். ஒற்றைப்படை வரிகளை ஒரு தடவையிலும் இரட்டைப்படை வரிகளை அடுத்த தடவையிலும் வரைந்து, இரண்டு அரைப்படங்களைச் சேர்த்து ஒரு படமாகக் காட்டுவது இன்டர்லேஸ். அந்த அரைப்படத்துக்கு ஃபீல்டு என்று பெயர்; இரண்டு ஃபீல்டு சேர்ந்தது ஒரு ஃபிரேம். எந்த வேலைக்கு எது பொருந்தும் என்பதைப் படம் கடைசியில் போய்ச் சேரும் திரைதான் தீர்மானிக்கிறது. செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம் வட்டாரத்தில் கல்யாணமும் கும்பாபிஷேகமும் எடுத்துவந்த வீடியோக்காரர்கள் இதைப் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. விஎச்எஸ் கேசட்டில் தொடங்கி யூடியூப் வரை, திரை மாறிய ஒவ்வொரு முறையும் கெட்டுப்போன படத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார்கள்.

இந்தியாவுக்கு வாய்த்தது ‘பால்’ முறை. ஜெர்மனியின் டெலிஃபங்கன் நிறுவனத்தில் வால்டர் புரூக் உருவாக்கிய இந்த வண்ண முறை 1967இல் ஐரோப்பாவில் ஒளிபரப்புக்கு வந்தது. சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியபோது படம் கறுப்பு வெள்ளைதான். வண்ணம் 1982இல் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி வந்து சேர்ந்தது. கறுப்பு வெள்ளைக்கும் வண்ணத்துக்கும் அடிப்படைக் கணக்கு ஒன்றே. ஒரு ஃபிரேமுக்கு 625 வரி, அவற்றில் படமாகத் தெரிபவை 576. நொடிக்கு 25 ஃபிரேம், அதாவது 50 ஃபீல்டு. வீட்டுக்கு வரும் மின்சாரமும் நொடிக்கு 50 சுற்று என்பதால் இந்த எண் பிடிக்கப்பட்டது. நொடிக்கு 25 முழுப் படங்களை மட்டும் காட்டினால் பழைய படக்குழாயில் திரை கண் கூசும்படி சிமிட்டும். 50 முழுப் படங்களை அனுப்பலாம் என்றாலோ இரண்டு மடங்கு அலைவரிசை வேண்டும். ஒரு சேனலுக்குக் கிடைத்தது 7 மெகாஹெர்ட்ஸ். ஆகவே 288 வரி கொண்ட அரைப்படங்களாக 50ஐ அனுப்பினார்கள். செலவு பாதி, சிமிட்டலும் இல்லை. 1930களில் தோன்றிய சிக்கன யோசனை இது. அடுத்த எழுபது ஆண்டுகளுக்கு அதைவிட நல்லதாக எதுவும் அகப்படவில்லை.

இதில் எளிதில் நழுவிவிடும் விஷயம் ஒன்று உண்டு. இரண்டு ஃபீல்டும் ஒரே புகைப்படத்தின் இரு பாதிகள் அல்ல. கேமரா முதல் ஃபீல்டை எடுத்து, நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு கழித்துத்தான் இரண்டாவதை எடுக்கிறது. தாலி கட்டும் நேரத்தில் மேடையின் மேல் அட்சதை விழுவதை எடுத்துக்கொள்ளலாம். ஒரு அரிசிமணி முதல் ஃபீல்டில் மாப்பிள்ளையின் தலைக்கு மேலே இருக்கும். இரண்டாவது ஃபீல்டில் நெற்றிக்கு நேராக வந்திருக்கும். படக்குழாய் டிவி இந்த இரண்டையும் எடுத்த வரிசையிலேயே, எடுத்த இடைவெளியிலேயே காட்டியது. அதனால் கண்ணுக்கு நொடிக்கு ஐம்பது கணங்கள் கிடைத்தன, அட்சதை வழுக்கிக்கொண்டு விழுந்தது. அதே இரண்டு ஃபீல்டையும் ஒன்றாகப் பின்னிக் கணினித் திரையில் ஒரே படமாக நிறுத்தினால், ஒவ்வொரு மணியும் இரண்டாகத் தெரியும்; அசையும் கையின் ஓரம் சீப்புப் பல்லாகக் கிழிந்திருக்கும். படம் பழுதாகிவிட்டதென்று பலர் நினைத்தது இதைத்தான். படத்தில் பழுது ஏதுமில்லை. இரண்டு நேரங்களை ஒரே நேரமாகக் காட்டியதுதான் கோளாறு.

விஎச்எஸ் இருந்தவரை இந்தக் கோளாறுக்கு வழியே இல்லாமல் இருந்தது. 1990களில் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய மண்டபங்களில் முகூர்த்த நாளன்று, தோளில் பானாசோனிக் எம்9000 கேமராவோடு ஒருவர், ஹாலஜன் விளக்கைத் தூக்கிப் பிடித்தபடி ஒருவர், ஒயரைச் சுருட்டியும் விரித்தும் பின்னாலேயே ஓடும் ஒரு பையன், அவ்வளவுதான் வீடியோ யூனிட். விளக்கின் சூட்டில் மாப்பிள்ளை நெற்றியின் சந்தனம் காய்ந்து உதிரும். ஊர்ப் பெரியவர்கள் வெளிச்சம் தங்கள் பக்கம் திரும்பியதும் நிமிர்ந்து உட்காருவார்கள். மாஸ்டர் கேசட் ஸ்டுடியோவுக்குப் போய் மிக்ஸிங் ஆகும். பெண்ணும் மாப்பிள்ளையும் இதய வடிவத்துக்குள் தோன்றுவார்கள், ரோஜா இதழ் விரியும், பின்னணியில் அந்த வருடத்துச் சினிமாப் பாட்டு ஓடும். கேமரா, மிக்ஸர், விசிஆர், வீட்டில் இருந்த டயனோராவோ சாலிடேரோ எல்லாமே இன்டர்லேஸ். தேர்வு என்ற ஒன்று இல்லாததால் தவறும் இல்லை.

ஒரே ஒரு தொல்லை மட்டும் அப்போதே தெரிந்திருந்தது: எழுத்துத் துடிப்பு. ப, ட, ம, ய போன்ற எழுத்துகளின் அடியில் ஒரு படுக்கைக்கோடு உண்டு. டைட்டிலில் அந்தக் கோடு ஒரு வரி உயரத்துக்கு மெலிந்திருந்தால் அது ஒரு ஃபீல்டில் மட்டுமே இருக்கும், மற்றதில் இருக்காது. ஆக, நொடிக்கு 25 தடவை தோன்றி மறையும். மணமக்களின் பெயர் திரையில் நடுங்குவதை யாரும் மங்களமாக நினைக்க மாட்டார்கள். தடித்த எழுத்தைப் போடுவதும், எழுத்தின் மேல் கீழ் ஓரங்களைச் சற்றே மங்கவிடுவதும் மருந்தாக இருந்தன. கீழிருந்து மேலே ஓடும் பெயர்ப் பட்டியலுக்கு இன்னும் நுட்பமான கணக்கு உண்டு. ஒரு ஃபீல்டுக்கு ஒரு வரி வீதம் எழுத்து நகர்ந்தால், இரண்டு ஃபீல்டிலும் எழுத்தின் அதே வரிகளே மாட்டிக்கொள்ளும். மீதிப் பாதி திரைக்கே வராது. ஒரு ஃபீல்டுக்கு இரண்டு வரி, நான்கு வரி என்று இரட்டைப்படையில் ஓடினால்தான் முழு எழுத்தும் தெரியும். இரண்டு வரி வீதம் ஓடும் பெயர் அடியிலிருந்து உச்சிக்குப் போக ஆறு நொடிக்குச் சற்றுக் குறைவாக எடுக்கும். அந்த வேகத்தில் சித்தப்பா பெரியப்பா பெயர்களை வாசிக்கவும் முடியும் என்பது கணக்கோடு சேர்ந்துவந்த வசதி.

மாமல்லபுரத்துக்குப் போனால் இதே துடிப்பு கல்லில் வரும். தர்மராஜ ரதத்தின் தளங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கபோதங்கள், கடற்கரைக் கோயில் விமானத்தின் படிப்படியான அடுக்குகள் எல்லாம் படுக்கைக்கோடுகள். கிட்டப் போய் எடுத்தால் ஒவ்வோர் அடுக்கும் பல வரி உயரத்துக்கு இருக்கும், துடிக்காது. தூரத்திலிருந்து முழுக் கோயிலும் அடங்கும்படி எடுத்தால் அடுக்குகள் ஒரு வரி, இரண்டு வரி உயரத்துக்குச் சுருங்கிவிடும். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக அசையாத கல் திரையில் நடுங்கும். பட்டுச்சேலையின் ஜரிகைக் கரையிலும் இதுவே நடக்கும். இதற்காகவே இன்டர்லேஸ் கேமராக்கள் அடுத்தடுத்த இரண்டு வரிகளைச் சேர்த்துப் படித்துக் கூர்மையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்கின்றன. 576 வரி என்று பெயர் இருந்தாலும் கண்ணுக்குக் கிடைக்கும் நுட்பம் சுமார் 400 வரி அளவுதான். புரோகிரெசிவ் கேமராவுக்கு இந்த விட்டுக்கொடுத்தல் தேவையில்லை. சிற்பத்தை ஆவணப்படுத்த வந்தவர் புரோகிரெசிவில்தான் எடுக்க வேண்டும்; அங்கே அசைவதற்கு எதுவும் இல்லை, நுட்பம்தான் எல்லாம். கடற்கரைக் கோயிலில் மட்டும் சிக்கல். கோயில் நிற்கிறது, அதே ஃபிரேமில் பின்னால் அலை ஓடுகிறது. இரண்டுக்கும் சேர்த்து நல்ல விடை நொடிக்கு 50 முழுப் படங்கள் எடுக்கும் கேமரா கைக்கு எட்டும் விலையில் வந்த பிறகே கிடைத்தது.

தேர்வு என்ற ஒன்று முதன்முதலில் தலைகாட்டியது விசிடியில். 1993இல் வகுக்கப்பட்ட வீடியோ சிடியின் எம்பெக்-1 சுருக்கத்தில் இன்டர்லேஸுக்கு இடமே கிடையாது. ‘பால்’ நாடுகளுக்கான விசிடிப் படத்தின் அளவு 352க்கு 288, நொடிக்கு 25. அந்த 288 தற்செயலானது அல்ல, ஒரு ஃபீல்டின் வரிக்கணக்கு. அதாவது விசிடி செய்வதென்றால் ஒரு ஃபீல்டை வைத்துக்கொண்டு மற்றதை எறிந்துவிட வேண்டும். ஐம்பது கணங்கள் இருபத்தைந்தாகும். கல்யாண வீட்டார் இதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. கேசட் தேயும், பூஞ்சை பிடிக்கும். விசிடி பளபளவென்று இருந்தது, பிளேயர் மலிவாகக் கிடைத்தது. ஒரு டிஸ்க்கில் 74 நிமிடம்தான் என்பதால் நிச்சயதார்த்தம், முகூர்த்தம், வரவேற்பு என்று மூன்று டிஸ்க் ஆனதும் ஒரு பெருமையாகவே கொள்ளப்பட்டது. சில ஸ்டுடியோக்களில் ஃபீல்டை எறிவதற்குப் பதில் இரண்டையும் கலந்து ஒன்றாக்கும் மென்பொருள் இருந்தது. அது எறிவதைவிட மோசம். நகரும் கைக்குப் பின்னால் இன்னொரு நிழல் கை ஒட்டிக்கொண்டே வரும். கலந்ததைப் பிறகு பிரிக்கவும் முடியாது.

டிவிடி வேறு கதை. எம்பெக்-2 சுருக்கம் இன்டர்லேஸை அப்படியே ஏற்றுக்கொள்ளும். 720க்கு 576 அளவில் மினி டிவி (DV) கேசட்டில் பதிவானது, அதே அளவில், அதே 50 ஃபீல்டோடு டிஸ்க்குக்குப் போகலாம். 1995இல் வந்த இந்த டிவி (DV) வடிவம் நொடிக்கு 25 மெகாபிட் வேகத்தில் எழுதுவது. சோனி பிடி150, பிடி170 கேமராக்கள் செங்கல்பட்டு வரை பரவியதும் அதனால்தான். ஒரு மணி நேரக் கேசட்டை ஃபயர்வயர் வழியாகக் கணினியில் இறக்க ஒரு மணி நேரம் ஆகும், 13 ஜிபி பிடிக்கும். அந்த ஒரு மணி நேரம் எடிட்டருக்கு டீக்கடை நேரம்.

இங்கேதான் ‘டீஇன்டர்லேஸ்’ என்ற பெட்டி எடிட்டிங் மென்பொருளில் கண்ணில் பட்டது. கணினித் திரையில் சீப்புப் பல் தெரிகிறது, அந்தப் பெட்டியில் டிக் போட்டால் மறைகிறது; ஆகவே டிக் போடுவதே தரம் என்ற எண்ணம் ஊரெங்கும் பரவியது. கணினித் திரையைப் பார்த்து எடுத்த முடிவு அது, பார்க்கப்போகிறவரின் திரை வேறு. 2006 செப்டம்பரில் தொடங்கிய அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் தமிழ்நாட்டு வீடுகளுக்கு ஒன்றரைக் கோடிக்கு மேல் 14 அங்குலப் படக்குழாய் டிவிகள் போய்ச் சேர்ந்தன. எல்சிடி திரைகள் நகரத்துக் கடைகளில் அடுக்கத் தொடங்கியிருந்த அதே ஆண்டுகளில், திருக்கழுக்குன்றத்திலும் மதுராந்தகத்திலும் டிவிடி ஓடிய திரை பெரும்பாலும் இன்டர்லேஸ் திரைதான். அந்தத் திரைக்கு டீஇன்டர்லேஸ் செய்து அனுப்பியவர் நன்றாக இருந்த அசைவை வலியப் போய் வெட்டிக் கொடுத்தார். நாதஸ்வரக்காரரின் விரல்களும் தவில்காரரின் குச்சியும் தத்தித் தத்திப் போயின.

ஃபீல்டு வரிசை இதைவிடப் பெரிய தலைவலி. இரண்டு ஃபீல்டில் எது முதலில் வர வேண்டும் என்பதில் வடிவங்களுக்குள் ஒற்றுமை இல்லை. மினி டிவி (DV) கேசட்டில் கீழ் ஃபீல்டு முதலில்; உயர்தர 1080 வரிப் படத்தில் மேல் ஃபீல்டு முதலில்; விஎச்எஸ்ஸைக் கணினிக்குள் இழுத்த கார்டுகளில் ஒவ்வொன்றும் ஒருவிதம். வரிசையைத் தலைகீழாகக் குறித்துவிட்டால் படம் இரண்டடி முன்னே போய் ஓரடி பின்னே வரும். இதன் விஷமம், பிழை கணினியில் தெரியாது, படக்குழாய் டிவியில் மட்டுமே தெரியும் என்பது. விவரமான ஸ்டுடியோக்களில் எடிட்டிங் மேசைக்குப் பக்கத்தில் ஒரு பழைய 14 அங்குல டிவி வைத்திருந்தார்கள். டிஸ்க்கை வாடிக்கையாளருக்குக் கொடுப்பதற்கு முன் ஊர்வலக் காட்சி அதில் ஓடும். ஜானவாச கார் வழுக்கிக்கொண்டு போனால் சரி, உதறினால் மறுபடி ரெண்டர். மென்பொருளின் விலையோடு ஒப்பிட்டால் அந்த டிவிக்கு மதிப்பே கிடையாது, ஆனால் அறையில் உண்மை சொன்ன ஒரே திரை அதுதான்.

நாலு மணி நேரக் கல்யாணத்தை ஒரே டிஸ்க்கில் அடக்கச் சொல்லும் வீடுகளும் இருந்தன. 4.7 ஜிபி டிஸ்க்கில் இரண்டு மணி நேரம் என்றால் நொடிக்குச் சுமார் 5 மெகாபிட் கிடைக்கும்; நாலு மணி நேரம் என்றால் அதில் பாதி. அந்த அளவில் இன்டர்லேஸ் படம் கட்டம் கட்டமாக உடையும், ஏனென்றால் அசையும் அரைப்படங்களைச் சுருக்குவது முழுப் படத்தைச் சுருக்குவதைவிடக் கடினம். ஃபீல்டை வெட்டுவதற்குப் பதில் அகலத்தைப் பாதியாக்கி 352க்கு 576 என்று எழுதுவது மேலான வழி. டிவிடி விதிகள் அதை அனுமதிக்கின்றன, அசைவு முழுமையாகத் தப்பும்.

இதற்கிடையில் வாடிக்கையாளர் வாயில் ஒரு புதுச் சொல் வந்திருந்தது: ‘சினிமா மாதிரி’. சன் டிவியில் மெகாத்தொடர் ஒருவிதமாகவும் சினிமாப் பாட்டு வேறு விதமாகவும் இருப்பதை எல்லோரும் உணர்ந்திருந்தார்கள், காரணம் கேட்டால் யாருக்கும் தெரியாது. தொடர் எடுக்கப்பட்டது இன்டர்லேஸ் வீடியோவில், நொடிக்கு 50 கணம். சினிமா ஃபிலிமில் நொடிக்கு 24 படம். அதை 25 ஆக்கி ஓட்டிவிட்டால் ‘பால்’ டிவியில் பொருந்திவிடும். இரண்டரை மணி நேரப் படம் ஆறு நிமிடம் முன்னதாக முடியும், பாடகரின் குரல் ஒரு இழை ஏறி ஒலிக்கும், அவ்வளவுதான். அப்படி வரும் படத்தில் இரண்டு ஃபீல்டும் ஒரே ஃபிலிம் துண்டிலிருந்து வருபவை. ஒளிபரப்பு இன்டர்லேஸ், உள்ளடக்கம் புரோகிரெசிவ். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவருக்குப் பாதிக் குழப்பம் தீர்ந்தது. நொடிக்கு 25 முழுப் படம் எடுத்து, அதை அப்படியே இரண்டு ஃபீல்டாகப் பிரித்து இன்டர்லேஸ் டிவிடியிலோ சேனலிலோ கொடுக்கலாம். எந்தச் சேதமும் வராது.

சிறிய கேமராவில் இந்தச் சினிமா அசைவை முதலில் கொண்டுவந்தது 2002இல் வெளியான பானாசோனிக் டிவிஎக்ஸ்100. பிறகு 2008இல் கேனன் 5டி மார்க் 2 வந்து கல்யாண வீடியோவின் முகத்தையே மாற்றியது. பின்னணி மங்கிய மணப்பெண் முகம் அதற்கு முன் சினிமாவில் மட்டுமே பார்த்தது. ஆனால் அந்தக் கேமரா தொடக்கத்தில் நொடிக்கு 30 படம் மட்டுமே எடுத்தது. 25ம் 24ம் 2010இல்தான் சேர்க்கப்பட்டன. இடைப்பட்ட காலத்தில் நம் மண்டபங்களில் எடுத்த படங்களில் வெளிச்சம் அலை அலையாக ஏறி இறங்குவதைப் பார்க்கலாம். நம் டியூப்லைட் நொடிக்கு 100 தடவை மினுங்குவது. 30க்கும் அதற்கும் தாளம் சேராது. ஷட்டரை 50இல் ஒன்று அல்லது 100இல் ஒன்று என்று வைத்தால் அடங்கும். இன்றும் அமெரிக்க அமைப்பில் 30, 60 என்று எடுப்பவர்கள் செங்கல்பட்டு மண்டபத்தில் அதே அலையைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள்.

25 புரோகிரெசிவுக்கு இன்னொரு விலையும் உண்டு: வேகமாகக் கேமராவைத் திருப்ப முடியாது. ஐந்து ரதங்களை இடமிருந்து வலமாகக் காட்ட வேண்டுமென்றால், ஒரு ரதம் திரையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போக ஏழு நொடியாவது ஆக வேண்டும் என்பது ஒளிப்பதிவாளர்களின் பழைய கணக்கு. இன்டர்லேஸில் கை பழகிய வீடியோக்காரர்கள் அதே வேகத்தில் திருப்பிவிட்டு, படம் ‘அடிக்கிறது’ என்று லென்ஸைக் குறை சொன்னார்கள்.

2005க்குப் பிறகு வந்த எச்டிவி (HDV) கேமராக்கள் 1440க்கு 1080 இன்டர்லேஸ். எடுப்பது உயர்தரம், கொடுப்பதோ பழைய டிவிடி. இந்த இடத்தில் நடந்த சேதம்தான் ஆகப் பெரியது. 1080 வரிகளை 576ஆகச் சுருக்கும்போது, இரண்டு ஃபீல்டும் பின்னிக்கிடக்கும் ஃபிரேமை அப்படியே நசுக்கினால் ஒற்றை வரியும் இரட்டை வரியும் ஒன்றோடொன்று கலந்துவிடும். இரண்டு நேரங்கள் குழம்பிய அந்தப் படத்தை எந்த டிவியாலும் பிரிக்க முடியாது. சரியான வழி மூன்று படி: 50 ஃபீல்டையும் 50 முழுப் படங்களாக விரிப்பது, அவற்றைச் சுருக்குவது, பிறகு மறுபடி ஃபீல்டாகப் பிரிப்பது. மென்பொருள்கள் இதைத் தானாகச் செய்யப் பழகுவதற்குள் சில வருடக் கல்யாணங்கள் கைவிட்டுப் போயின. புளூ-ரே டிஸ்க் இந்தப் பக்கம் அதிகம் எடுபடவில்லை. எடுபட்ட வீடுகளிலும் ஒரு விசித்திரம்: அதன் விதிகளில் 1080 வரிக்கு நொடிக்கு 24 புரோகிரெசிவ் உண்டு, 25 கிடையாது. 25 படம் எடுத்தவர் டிஸ்க்கின் மேல் இன்டர்லேஸ் என்றே குறிக்க வேண்டும்.

தொலைக்காட்சிக்குக் கொடுப்பதில் குழப்பம் குறைவு, ஏனென்றால் சேனல் என்ன கேட்கிறதோ அதுதான் விடை. இந்தியாவில் எச்டி ஒளிபரப்பு வேரூன்றியது 1080 வரி, 50 ஃபீல்டு இன்டர்லேஸில். உலகம் முழுதும் இதில் ஒருமனம் இல்லை. ஐரோப்பிய ஒளிபரப்பு ஒன்றியம் 2004இலேயே 720 வரி, நொடிக்கு 50 புரோகிரெசிவைப் பரிந்துரைத்தது. அமெரிக்காவில் ஏபிசியும் ஈஎஸ்பிஎன்னும் 720 புரோகிரெசிவை எடுத்துக்கொண்டன, சிபிஎஸ்ஸும் என்பிசியும் 1080 இன்டர்லேஸுக்குப் போயின. விளையாட்டைப் பெரிதாக நினைத்தவர்கள் அசைவில் சுத்தமானதையும், மற்றவர்கள் வரி அதிகமானதையும் தேர்ந்தார்கள் என்று சுருக்கமாகச் சொல்லலாம்.

மாமல்லபுரம் நாட்டிய விழா இதை உரசிப் பார்க்க நல்ல இடம். தமிழ்நாடு சுற்றுலாத் துறை ஆண்டுதோறும் டிசம்பர் கடைசியில் தொடங்கி நடத்தும் இந்த விழா நெடுங்காலம் அர்ச்சுனன் தபசுப் பாறையின் முன் மேடையிட்டு நடந்தது, பிறகு கடற்கரைக் கோயில் வளாகத்துக்கு மாறியது. மூன்றாம் காலத்தில் ஆடும் அடவில் கை முத்திரை ஒரு நொடிக்குள் பல இடம் மாறும். 25 படத்தில், ஷட்டர் 50இல் ஒன்றாக இருந்தால், நேரத்தில் சரிபாதி கேமராவின் கண்ணுக்கே படுவதில்லை. தீர்மானம் முடியும் கணம் அந்த இடைவெளியில் விழுந்தால் விழுந்ததுதான். நாட்டியத்துக்கு 50 கணம் வேண்டும். டிவிக்கு என்றால் இன்டர்லேஸாக, இணையத்துக்கு என்றால் நொடிக்கு 50 புரோகிரெசிவாக. முகபாவம் மட்டும் வேண்டும் என்று அபிநயப் பதத்தைக் கிட்டப் பிடிப்பவர் 25இல் எடுக்கலாம், அழகாகவே இருக்கும். ஆடுபவர் அடுத்து எந்த உருப்படிக்குப் போவார் என்று தெரியாதவர் 50ஐ விடக் கூடாது.

இதே கடற்கரையில் எதிரெதிர் உதாரணங்கள் இரண்டு. 2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை மாமல்லபுரத்தில் 44ஆவது செஸ் ஒலிம்பியாட் நடந்தது. உலகம் முழுதும் அதை இணைய நேரலையில் பார்த்தது. ஒருவர் அரை மணி நேரம் யோசித்துக் குதிரையை நகர்த்தும் ஆட்டத்துக்கு நொடிக்கு 25 படமே தாராளம். மிச்சமாகும் மெகாபிட்டைக் காய்களின் கூர்மைக்குக் கொடுத்துவிடலாம். கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் நடக்கும் சர்ஃபிங் போட்டிகளுக்கு அது உதவாது. அலை, பலகை, ஆள், தெறிக்கும் நீர் எல்லாமே அசைவு. அங்கே 50க்குக் குறைந்தால் படமே இல்லை. வேடந்தாங்கலில் நத்தைக்குத்தி நாரைகள் கூட்டமாக எழும்பும்போதும் அப்படியே.

இணையம் வந்ததும், தொலைக்காட்சிக்கு வெளியே இன்டர்லேஸின் கதை, வழங்கும் வடிவம் என்ற அளவில், முடிந்துவிட்டது. செல்பேசித் திரை, மடிக்கணினி, மண்டபத்தில் மேடைக்கு இருபுறமும் நிற்கும் எல்இடி சுவர் எல்லாம் புரோகிரெசிவ். 2012இல் வெளியான 4கே ஒளிபரப்புக்கான சர்வதேசத் தர வரையறையில் இன்டர்லேஸ் இடம்பெறவே இல்லை. யூடியூப் பயன்படுத்தும் புதிய சுருக்க முறைகளிலும் இல்லை. இன்டர்லேஸ் கோப்பை ஏற்றினால் யூடியூப் தானாக டீஇன்டர்லேஸ் செய்யும், ஆனால் எப்படிச் செய்யும் என்பது ஏற்றியவர் கையில் இல்லை. எல்இடி சுவருக்கு இன்டர்லேஸ் கேமராவை நேராக இணைத்தால் பத்தடி உயர மணப்பெண்ணின் கையோரத்தில் சீப்புப் பல் இரண்டு விரல் நீளத்துக்குத் தெரியும். இன்று புதிதாக எடுப்பவர் நொடிக்கு 50 முழுப் படமாக எடுத்துவிட்டால் எல்லா வழியும் திறந்திருக்கும். அதிலிருந்து இன்டர்லேஸும் எடுக்கலாம், ஒன்றுவிட்டு ஒன்று தள்ளி 25உம் எடுக்கலாம். மற்றவற்றிலிருந்து இந்த 50க்கு முழுமையாகத் திரும்ப வழி கிடையாது. சினிமா அசைவுதான் வேண்டும் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் 25இல் எடுப்பது நியாயம்.

மீதமிருப்பது பழைய கேசட்டுகள். இந்தக் கரையோர வீடுகளில் உப்புக்காற்றும் ஈரமும் கேசட்டில் வெள்ளைப் பூஞ்சையாகப் பூக்கும்; முப்பது வருடக் கல்யாணங்கள் இப்போது அவசரமாகக் கணினிக்கு மாறிக்கொண்டிருக்கின்றன. மலிவான யூஎஸ்பி கருவிகள் பல உள்ளே இழுக்கும்போதே ஒரு ஃபீல்டைத் தூக்கி எறிகின்றன அல்லது இரண்டையும் கலந்துவிடுகின்றன. அப்படி ஆன கோப்பில் இழந்த பாதியை எதுவும் மீட்காது. 720க்கு 576 அளவில், இன்டர்லேஸாகவே இழுத்து, அந்தக் கோப்பைத் தொடாமல் பத்திரப்படுத்த வேண்டும். அது இன்டர்லேஸாகத்தான் வந்திருக்கிறதா என்று பார்க்க அட்சதைக் காட்சியை ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தினால் போதும்: மணிகள் இரண்டிரண்டாகவும் கை சீப்புப் பல்லாகவும் தெரிந்தால் எல்லாம் இருக்கிறது என்று பொருள். பார்ப்பதற்கான பிரதியைத் தனியாகச் செய்யலாம். அதற்கு யாடிஃப், கியூடிஜிஎம்சி போன்ற இலவசக் கருவிகளில் நொடிக்கு 25 என்ற அமைப்பை விட்டுவிட்டு, ஃபீல்டுக்கு ஒரு படம் வீதம் 50 என்று கேட்க வேண்டும். யாடிஃப் வேகமாக முடியும், கியூடிஜிஎம்சி இரவெல்லாம் ஓடும். ஜரிகைக் கரை துடிக்காமல் நிற்பது இரண்டாவதில்தான். பிரதியை யூடியூபில் ஏற்றுவதானால் ஒரு வேலை பாக்கி. 720 வரிக்குக் குறைந்த படத்துக்கு அந்தத் தளம் 50 ஃபிரேம் தராது, பாதியை வெட்டிவிடும். ஆகவே 576 வரிப் படத்தை 720க்கோ 1080க்கோ பெரிதாக்கி, பக்கங்களில் கறுப்புப் பட்டை விட்டு, 50ஆகவே ஏற்ற வேண்டும்.